துணி உலர்த்தியின் காற்றுக்குழாயைப் பராமரித்து வீட்டில் தீப்பிடிக்காமல் காப்பது எப்படி?

துணி உலர்த்தி ஒரு முழுச் சுற்று ஓடி நின்ற பிறகும் துணி ஈரமாகவே இருந்தால், நம்மில் பெரும்பாலோர் செய்வது மீண்டும் ஒரு சுற்று ஓடவிடுவதுதான். இயந்திரம் பழசாகிவிட்டது என்றோ, துணியை அதிகமாகத் திணித்துவிட்டோம் என்றோ நமக்கு நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் சுவருக்குள் மறைந்திருக்கும் காற்றுக்குழாய் அடைபட்டு வருகிறது என்பதற்கு வீட்டிலிருப்பவர் கண்ணில் படக்கூடிய அறிகுறிகளில் இதுவே முதன்மையானது. குழாயைப் பார்க்காமல் இரண்டாவது சுற்றை ஓடவிடுவது, அடைபட்ட பாதைக்குள் இன்னும் ஒரு மணி நேரம் சூட்டைச் செலுத்துவதற்குச் சமம்.

ட்ரையர் என்று எல்லோரும் அழைக்கும் இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் தெரிந்தால், பராமரிப்புக்கான காரணங்கள் தாமாகவே விளங்கிவிடும். 5 கிலோ துணியைத் துவைத்து, சலவை இயந்திரத்திலேயே நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பிறகும் அதில் ஏறத்தாழ 2.5 முதல் 3 லிட்டர் வரை தண்ணீர் தங்கியிருக்கும். ட்ரையரின் விசிறி அறைக்காற்றை உள்ளே இழுக்கிறது. மின்சுருளோ எரிவாயுச் சுடரோ அதைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டுக்காற்று உருளைக்குள் புரளும் துணிகளினூடே புகுந்து, ஈரத்தை ஆவியாக எடுத்துக்கொண்டு, வடிகட்டியைக் கடந்து குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போகிறது. ஆகவே காற்றுக்கு இங்கே இரண்டு பொறுப்புகள் உள்ளன. ஈரத்தை அகற்றுவது ஒன்று, இயந்திரத்துக்குள் உண்டாகும் வெப்பத்தை அள்ளிச் செல்வது மற்றொன்று. காற்றோட்டம் குறையும்போது துணி தாமதமாகக் காய்வது தொந்தரவு மட்டுமே. வெப்பம் உள்ளேயே தேங்குவதுதான் ஆபத்து.

அந்த வெப்பத்துக்கு எரிபொருளாகக் கிடைப்பது பஞ்சுத்தூசி. துணிகள் ஒன்றோடொன்று உரசிப் புரளும்போது உதிரும் நுண்ணிய இழைகளே இவை. நெய்த துணியாக இருக்கும்போது அவ்வளவு எளிதில் பற்றாத அதே பருத்தி, பிசிறு பிசிறாகப் பிரிந்து, இடையிடையே காற்று நிறைந்து கிடக்கும்போது சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். காட்டில் கூடாரம் அடித்துத் தங்குபவர்கள் நெருப்பு மூட்டுவதற்கென்றே ட்ரையர் பஞ்சைச் சேர்த்துவைத்து எடுத்துப்போவதுண்டு என்றால், அது எத்தகைய பொருள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வடிகட்டி இதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், முழுவதையும் அல்ல. தப்பிச் செல்லும் நுண்தூசி குழாயின் வளைவுகளிலும், உட்புறம் நெளிநெளியாக இருக்கும் இடங்களிலும், குளிர்ந்த பகுதி வழியே குழாய் போகும்போது நீராவி துளிர்க்கும் இடங்களிலும் ஒட்டிக்கொள்கிறது. ஈரத்தில் நனைந்த தூசி பசைபோலப் படிந்து, அடுத்து வரும் தூசிக்குப் பிடிமானமாகிறது. அடைப்பு கூடக் கூடக் குழாய் முழுவதும் காற்றின் ஓட்டம் தளர்கிறது. ஓட்டம் தளரத் தளர இன்னும் அதிகத் தூசி படிகிறது. இப்படி ஒன்றை ஒன்று வளர்ப்பதால், முதல் ஓராண்டில் தெரியாத மாற்றம் பிறகு சில மாதங்களிலேயே பெரிதாகிவிடும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளைக் கொண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீவிபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் ஆண்டுதோறும் சராசரியாக 5 பேர் உயிரிழந்தனர், 100 பேர் காயமடைந்தனர், மூன்றரைக் கோடி டாலர் மதிப்பிலான உடைமைகள் அழிந்தன. முதன்மைக் காரணமாக அந்த அறிக்கை குறிப்பிட்டது இயந்திரக் கோளாறை அல்ல, சுத்தம் செய்யாமல் விட்டதை. 34 விழுக்காட்டு விபத்துகள் அந்த ஒரு காரணத்தின் கீழ் வந்தன.

அடைப்பை எப்படி அறிவது?

துணி காய எடுக்கும் நேரத்தையே அளவுகோலாகக் கொள்வது என் அனுபவத்தில் மிகவும் நம்பத்தக்க வழி. குழாயை முழுவதுமாகச் சுத்தம் செய்து முடித்த அன்று, வழக்கமாகப் போடும் அளவு துண்டுகளையோ படுக்கை விரிப்புகளையோ போட்டு, அவை காய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, தேதியையும் நிமிடக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதே அளவுத் துணியைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். 45 நிமிடத்தில் காய்ந்தது 60 நிமிடம் கேட்கத் தொடங்கினால், ஓராண்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் குழாயைத் திறந்துவிட வேண்டும். மின்கட்டணம் ஏறுவதையும் இது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. இயந்திரத்தின் மேற்பகுதி கைவைக்க முடியாத அளவுக்குச் சுடுதல், துணியை வெளியே எடுக்கும்போது வழக்கத்தைவிட அதிகச் சூடாக இருத்தல், அந்த அறையில் மட்டும் புழுக்கமும் கண்ணாடியில் ஈரப்படலமும் தோன்றுதல், இயந்திரத்தின் பின்புறத் தரையில் பஞ்சு சிதறிக் கிடத்தல் ஆகியவை காற்று வெளியேற வழியின்றித் தவிப்பதைக் காட்டுபவை. கருகிய வாடை வந்தால் அது அறிகுறி அல்ல, எச்சரிக்கையின் கடைசிக் கட்டம்; உடனே நிறுத்திவிட்டு, காரணம் தெரியும் வரை இயக்கக்கூடாது. வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் உள்ள மூடுமடல், ட்ரையர் ஓடும்போது காற்றின் அழுத்தத்தால் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பாதி திறந்து துடித்துக்கொண்டிருந்தாலோ, கையை நீட்டினால் காற்று சோம்பலாக வந்தாலோ, உள்ளே அடைப்பு இருக்கிறது.

இயந்திரம் சுழல்கிறது, ஆனால் சூடே வரவில்லை என்ற நிலைக்கும் இந்த அடைப்பே பல நேரங்களில் பின்னணியாக இருக்கும். அளவுக்கு மீறிச் சூடேறினால் மின்னோட்டத்தைத் துண்டிப்பதற்காக உள்ளே வெப்ப உருகி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அது உருகிப்போனால் புதிதாக ஒன்றை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடாமல், அது ஏன் உருகியது என்று கேட்க வேண்டும். உருகியைத் தவிர்த்துக் கம்பியை நேராக இணைத்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் வடிகட்டி

வடிகட்டியை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்போ பின்போ தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். துணியைப் போடுவதற்கு முன் செய்யும் பழக்கம் சிறந்தது, ஏனெனில் கடைசியாகப் பயன்படுத்தியவர் மறந்திருந்தாலும் அது ஈடுசெய்துவிடும். வடிகட்டி இல்லாமலோ, வலை கிழிந்த வடிகட்டியுடனோ ஒரு சுற்றுக்கூட ஓட்டக்கூடாது. பஞ்சு நேரே விசிறிக்கும் குழாய்க்கும் போய்ச் சேரும்.

பலர் அறியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். துணியை மென்மையாக்கவும் மணமூட்டவும் ட்ரையருக்குள் போடும் தாள்கள், வலையின் மீது கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தை விட்டுச்செல்கின்றன. பஞ்சை வழித்தெடுத்துவிட்டதால் வலை சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் துளைகள் அடைபட்டிருக்கும். குழாயடியில் பிடித்து வலையின் மீது தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உடனே வழிந்தோடாமல் வலையின் மேலே தேங்கி நின்றால் படலம் இருக்கிறது என்று பொருள். வெதுவெதுப்பான சோப்புநீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். வடிகட்டி அமரும் பள்ளத்துக்குள்ளும் பஞ்சு சேரும் என்பதால், அங்கே வேக்குவம் கிளீனரின் ஒடுங்கிய முனையை விட்டு மாதம் ஒருமுறை உறிஞ்சி எடுப்பது நல்லது.

குழாயைச் சுத்தம் செய்யும் முறை

ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கால அளவு. பெரிய குடும்பம், நாய் பூனை வளர்க்கும் வீடு, நீளமான குழாய், நாள்தோறும் ஓடும் இயந்திரம் ஆகியவற்றுக்கு ஆறு மாதம் பொருத்தமானது. தேவையான கருவிகள் அதிகமில்லை. வேக்குவம் கிளீனர், திருகாணி முடுக்கி, அலுமினியம் ஃபாயில் டேப், ஒன்றோடொன்று இணைத்து நீட்டிக்கொள்ளக்கூடிய வளையும் கம்பிகளுடன் கூடிய குழாய் பிரஷ் ஆகியவை போதும். டிரில்லில் பொருத்திச் சுழற்றும் வகைப் பிரஷ்ஷாக இருந்தால் வேலை விரைவாக முடியும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இயந்திரம் சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். எரிவாயுவில் இயங்கும் ட்ரையராக இருந்தால் அதற்கான வால்வையும் மூட வேண்டும். பிறகு இயந்திரத்தை நகர்த்துவதற்கு முன்பே வெளியே சென்று குழாயின் முடிவிடத்தைப் பார்ப்பது நல்லது. மூடுமடலில் பஞ்சு அப்பியிருக்கிறதா, மடல் தடையின்றி அசைகிறதா, பறவையோ பூச்சியோ கூடு கட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். பறவைகளைத் தடுப்பதாக நினைத்துச் சிலர் அங்கே கம்பிவலை அடித்துவைப்பார்கள். அந்த வலையே சில வாரங்களில் பஞ்சால் மூடி முழு அடைப்பாகிவிடும் என்பதால் அதை அகற்றிவிட்டு, மடல் தானாக மூடிக்கொள்ளும் வகையிலான மூடியைப் பொருத்த வேண்டும்.

அடுத்து, இன்னொருவர் துணையுடன் இயந்திரத்தை முன்னே நகர்த்துங்கள். எரிவாயு இணைப்பு உள்ளதை வேகமாக இழுத்தால் இணைப்புக் குழாய் விரிசல் விடக்கூடும். போதிய நீளம் இல்லையென்றால் அந்த வேலையை எரிவாயுப் பணியாளரிடம் விட்டுவிடுவதே முறை. பின்புறத்தில் இயந்திரத்தையும் சுவர்க்குழாயையும் இணைக்கும் துண்டுக்குழாயின் கவ்விகளைத் தளர்த்திக் கழற்றியதும், இயந்திரத்தின் காற்று வாய், கழற்றிய துண்டு, சுவரில் உள்ள வாய் ஆகிய மூன்றையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். முதன்முறை செய்பவர்களுக்கு இந்த இடத்தில் கிடைக்கும் பஞ்சின் அளவே திகைப்பைத் தரும்.

இனி பிரஷ். முதல் கம்பியை மட்டும் பொருத்திக் குழாய்க்குள் செலுத்தி, முன்னும் பின்னும் இழுத்து, அவ்வப்போது வெளியே எடுத்துப் பஞ்சை உதறி, பிறகே அடுத்த கம்பியை இணைத்து நீட்ட வேண்டும். டிரில்லில் சுழற்றுவதாக இருந்தால், குறைந்த வேகத்தில், கம்பிகளின் இணைப்பு இறுகும் திசையில் மட்டுமே சுழற்றுங்கள். எதிர்த்திசையில் ஒருமுறை சுழற்றினாலும் கம்பி மரைகழன்று, பிரஷ் சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியே இழுக்கும்போதும் அதே திசையில் சுழன்றுகொண்டே வரவேண்டும். கம்பி இணைப்புகள் ஒவ்வொன்றின் மீதும் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொண்டு வேலை செய்வது இந்தச் சிக்கலிலிருந்து காப்பாற்றும். குழாய் முழுவதும் பிரஷ் போய்வந்த பிறகு, இலைகளை ஊதித் தள்ளப் பயன்படும் ஊதுகருவி இருந்தால் உட்புற வாயிலிருந்து வெளிநோக்கி ஊதிவிடலாம். பிரஷ் போடாமல் முதலிலேயே ஊதுவதை நான் பரிந்துரைப்பதில்லை; தளர்வாகக் கிடந்த பஞ்சு வளைவில் போய் இறுகி அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

மெல்லிய ஃபாயிலால் ஆன நெளிகுழாய்க்குள் சுழலும் பிரஷ்ஷை விடவே கூடாது, கிழிந்துவிடும். அத்தகைய துண்டைச் சுத்தம் செய்ய முயல்வதைவிட மாற்றிவிடுவது எளிது. கூரை வழியாக மேலே போகும் குழாய், பல வளைவுகள் கொண்ட நீண்ட குழாய், அடுக்குமாடிக் கட்டடங்களில் பலருக்கும் பொதுவாக ஓடும் குழாய் ஆகியவற்றுக்கு, உரிய கருவியும் பயிற்சியும் உள்ளவர்களை அழைப்பதே சரி. ஓர் அடைப்பை எடுப்பதற்காகக் கூரையேறி விழுவதில் பொருளில்லை.

எல்லாவற்றையும் திரும்ப இணைத்த பிறகு, இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிடுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. அவ்வளவு நேரம் பாடுபட்டுச் சுத்தம் செய்த குழாய் அந்த ஒரு தள்ளலில் நசுங்கிவிடுகிறது. பின்னால் போதிய இடைவெளி விட்டு, பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பார்த்து, துண்டுக்குழாய் மடியாமல் வட்டம் குலையாமல் இருப்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு துணியில்லாமல் பத்து நிமிடம் ஓட்டி, வெளியே மடல் முழுவதுமாகத் திறப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் வேலை நிறைவடையும்.

குழாயே தவறானதாக இருந்தால்

எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மீண்டும் மீண்டும் அடைத்துக்கொள்ளும் வீடுகளில், கோளாறு பராமரிப்பில் அல்ல, குழாய் அமைப்பில் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக்காலோ, கம்பிச்சுருளின் மீது மெல்லிய ஃபாயில் போர்த்தியோ செய்த நெளிகுழாய்கள் மலிவானவை, எளிதில் வளைபவை, அதனாலேயே அதிகம் விற்பவை. பிளாஸ்டிக் வகை தானே எரியும். ஃபாயில் வகை எளிதில் நசுங்கி, நெளிவுகளில் பஞ்சைத் தேக்கும். இவற்றை இன்றே கழற்றிவிட வேண்டும். உட்புறம் வழவழப்பான, விறைப்பான உலோகக் குழாயே உகந்தது. இயந்திரத்தையும் சுவரையும் இணைக்கும் குறுகிய பகுதிக்கு மட்டும் அரைவிறைப்பான உலோகக் குழாயைப் பயன்படுத்தலாம். அதைச் சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ மறைத்துக் கொண்டுசெல்லக் கூடாது.

அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் இதற்குத் தரும் அளவுகள் எங்கும் பயன்படக்கூடிய வழிகாட்டியாக இருக்கின்றன. குழாயின் விட்டம் 4 அங்குலம். இயந்திர உற்பத்தியாளர் வேறு அளவு குறிப்பிடாதவரை, மொத்த நீளம் 35 அடிக்கு மேற்படக் கூடாது. எல்போ எனப்படும் வழக்கமான செங்கோண வளைவுத்துண்டு ஒவ்வொன்றுக்கும் அந்த நீளத்திலிருந்து 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும், 45 பாகை வளைவுக்கு இரண்டரை அடி. அதாவது மூன்று எல்போ வைத்த குழாய்க்கு மிஞ்சுவது 20 அடி மட்டுமே. ட்ரையரை வீட்டின் நடுவில் வைக்க விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்வது நல்லது.

இணைப்புகளில் ஒரு குழாயின் முனை அடுத்த குழாய்க்குள் காற்று போகும் திசையில் செருகப்பட்டிருக்க வேண்டும். திசை மாறினால் விளிம்பு காற்றை எதிர்நோக்கி நின்று பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணிகளும் அதே வேலையைச் செய்யும் என்பதால், கவ்வியாலும் உலோக ஃபாயில் டேப்பாலும் இணைப்பை இறுக்குவது மேல். துணியால் ஆன சாம்பல்நிற டேப் சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். குழாய் பரணிலோ தரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்திலோ முடியாமல் கட்டடத்துக்கு வெளியேதான் முடிய வேண்டும். இல்லையென்றால் பஞ்சும் ஈரமும் மரச்சட்டங்களின் மீது படிந்து, தீயோடு பூஞ்சையும் சேர்ந்த இரட்டைத் தொல்லையாகும்.

எரிவாயு ட்ரையரில் குழாய் அடைபட்டால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. எரிந்த வாயுக்களும் அதே குழாய் வழியேதான் வெளியேறுகின்றன. வழி அடைபட்டால் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவக்கூடும். அத்தகைய வீட்டில் அந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

இயந்திரத்தின் உட்புறம்

வடிகட்டியும் குழாயும் சுத்தமாக இருந்தாலும், இயந்திரப் பெட்டிக்குள் வெப்பச்சுருளைச் சுற்றிப் பஞ்சு சேர்வதைப் பயனர் பார்க்க முடியாது. 2015 ஆம் ஆண்டில் வேர்ல்பூல் நிறுவனம், பிரிட்டனில் ஹாட்பாயிண்ட், இண்டெசிட் உள்ளிட்ட பெயர்களில் விற்கப்பட்ட ட்ரையர்களில் பஞ்சு வெப்பச்சுருளின் மீது விழுந்து தீப்பற்றக்கூடும் என்று அறிவித்தது. பாதிக்கப்பட்ட இயந்திரங்கள் 50 லட்சத்துக்கும் மேல். திருத்தப்படாமல் வீடுகளில் எஞ்சியிருந்தவற்றுக்காக 2019 இல் திரும்பப் பெறும் அறிவிப்பும் வந்தது. ஆகவே உங்கள் இயந்திரத்தின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு இத்தகைய அறிவிப்பு ஏதேனும் உண்டா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பணியாளரைக் கொண்டு பெட்டியைத் திறந்து உட்புறத்தையும் சுத்தம் செய்வது பயனளிக்கும்.

ஈரக்காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே குளிர்வித்து நீராக்கிப் பிரிக்கும், வெளிக்குழாயே இல்லாத கண்டென்சர் வகையும் ஹீட் பம்ப் வகையும் இப்போது பெருகி வருகின்றன. அவற்றுக்கும் பஞ்சு விலக்கு அளிப்பதில்லை. வடிகட்டிகளையும் கண்டென்சரையும் கையேட்டில் சொன்னபடி சுத்தம் செய்ய வேண்டும்.

எண்ணெய் பட்ட துணிகள்

குழாயோடு தொடர்பில்லாத, ஆனால் அதே இயந்திரத்தில் நிகழும் ஒரு தீவிபத்து வகையையும் சொல்லாமல் விடமுடியாது. சமையல் எண்ணெய், மசாஜ் எண்ணெய், மரச்சாமான்களுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் ஆகியவை ஊறிய துணிகளைத் துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போய்விடுவதில்லை. எஞ்சிய எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். ட்ரையரின் சூடு அந்த வினையை விரைவுபடுத்த, பிறகு துணிகளைச் சூடாகவே குவியலாகப் போட்டுவைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், பொறியோ சுடரோ இல்லாமல் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். இயந்திரம் நின்று சில மணி நேரம் கழித்து, வீட்டில் எல்லோரும் உறங்கும்போதுகூட இது நிகழலாம். எனவே இத்தகைய துணிகளைக் கொடியில் காயவைப்பதே சரியான வழி. மற்றத் துணிகளுக்கும் சுற்றின் இறுதியில் வரும் குளிர்விக்கும் கட்டத்தை இடையில் நிறுத்தாமல் முடியவிட்டு, எடுத்தவுடன் விரித்துப் போட வேண்டும். பெட்ரோல், தின்னர் போன்றவை பட்ட துணிகளையும், ரப்பர் நுரை வைத்த தலையணை, காலணி, தரைவிரிப்பு போன்றவற்றையும் ட்ரையருக்குள் போடக்கூடாது.

ட்ரையரை ஓடவிட்டு வெளியே போவதையும் உறங்கப் போவதையும் தவிர்த்துவிடுங்கள். மின் இணைப்பு நேரடியாகச் சுவர் சாக்கெட்டிலிருந்துதான் வரவேண்டும், நீட்டிப்புக் கம்பி கூடாது. அதே அறையிலோ அருகிலோ புகை உணரும் கருவி ஒன்று வேலை செய்யும் நிலையில் இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே தீப்பற்றியது தெரிந்தால் ட்ரையரின் கதவைத் திறக்காதீர்கள்; திறந்த கணத்தில் புதுக்காற்று புகுந்து தீ வெளியே பாயும். கைக்கு எட்டும் இடத்தில், ஆபத்தின்றி முடியுமென்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று, தீயணைப்புத் துறையை அழையுங்கள். தீ தானாக அணைந்துவிட்டதுபோலத் தோன்றினாலும் அழைக்க வேண்டும், ஏனெனில் சுவருக்குள் ஓடும் குழாயில் பஞ்சு கனன்றுகொண்டிருப்பது வெளியே தெரியாது.